ஆட்டுக்கு வைத்த கஞ்சி

செல்வி, இதைப் பஸ்ஸில் படிக்காதே. கோடியக்கரை போய்ச் சேர்ந்து, வாடகை வீட்டைக் கூட்டிப் பெருக்கி, ஏதாவது ஒரு வாய் சாப்பிட்ட பிறகு படி. உத்தரவு வந்துவிட்டது, உப்பளத்துப் பக்கத்து அங்கன்வாடிகளுக்கெல்லாம் நீதான் சூப்பர்வைசர் என்று நீ போனில் கத்தியபோது நான் "சரி" என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டேன். அம்மாவுக்கு இதில் சந்தோஷமே இல்லை என்று நீ அழுதாயாம், மாப்பிள்ளை சொன்னார். சந்தோஷம் இல்லாமல் என்னடி? ஆனால் அரிசி, பருப்பு, முட்டை, பிள்ளைகளின் எடை என்று நீ சொல்லச் சொல்ல எனக்குத் தோள்பட்டை வலிக்க ஆரம்பித்துவிட்டது. பாதி ஆயுசுக்கு அண்டாவில் கரண்டி போட்டுத் துழாவிய உடம்பு இது. அந்த வேலையின் பேச்சை எடுத்தாலே அதற்கு வலிக்கும். இதையெல்லாம் போனில் பேசி முடிக்க என்னால் ஆகாது, அதனால் எழுதுகிறேன். புகை தின்ற கண், கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் மங்கல்தான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்னொரு பாக்கியும் இருக்கிறது. உன் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து என்னவோ சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். நீ பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாய். "அப்பா என்னம்மா சொன்னாரு?" என்று அன்றைக்கும் கேட்டாய், கருமாதி முடிந்த பிறகும் கேட்டாய். ஒன்றுமில்லை என்று மழுப்பினேன். அதைச் சொல்லவேண்டுமென்றால் நீ ஒன்றாவது படித்த வருஷத்து அறுவடையிலிருந்து சொல்லவேண்டும். அதற்குத் தெம்பு வேண்டுமே. இப்போதும் தெம்பு இருப்பதாகச் சொல்லமாட்டேன். ஆனால் நீ அந்த வேலைக்கே போகிறாய். இனியும் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

அதற்கு முன்னால் உன் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் சோற்றை வாயில் போட்டுப் பார், பிறகு நாற்காலியைத் தேடு. ஊர்ப் பெரிய வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கிறது என்று கூப்பிடுவார்கள், போகாதே. பிள்ளைக்கு எடை குறைவாக இருக்கிறது என்று தாயை நாலு பேர் முன்னால் நிற்கவைத்துத் திட்டாதே. நான் பார்க்காத சூப்பர்வைசர்களா? ஜீப்பில் வந்து இறங்குவார்கள். "ஏம்மா, கீரை குடுக்க மாட்டியா, பழம் குடுக்க மாட்டியா, பிஸ்கட்டையும் டீயையும் குடுத்து வச்சிருக்கியே" என்பார்கள். அவள் விடிவதற்குள் நடவுக்குப் போகவேண்டியவள். பிள்ளை அழுதால் கையில் எது அகப்படுகிறதோ அதைத்தான் கொடுப்பாள். டீக்கடை பன் என்றால் பன், பாக்கெட் என்றால் பாக்கெட். நீ பெற்றதற்கு ஆப்பிளை அரிந்து வைத்துக்கொண்டு வீடெல்லாம் பின்னால் ஓடுகிறாய். அவளுக்கு ஓட நேரமில்லை, அவ்வளவுதான் உனக்கும் அவளுக்கும் வித்தியாசம்.

நான் கரண்டி பிடித்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அரசாங்கமே மத்தியானச் சோறு போடும் என்று அறிவித்து, ஊருக்கு ஊர் கீற்றுக்கொட்டகை போட்டு அடுப்பு மூட்டிய காலம். எட்டாவது வரை படித்தவள், விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர் பெண்டாட்டி, வாய் உள்ளவள் என்று என்னைச் சமையலுக்கு எடுத்தார்கள். எங்கள் தெருக்காரி பொங்கிய சோற்றை எங்கள் பிள்ளை தின்னாது என்று ஊர்த்தெருவில் முறுக்கிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் தூக்குச்சட்டியில் தயிர்சாதம் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து தின்றன. நான் சாம்பாருக்குப் பெருங்காயத்தை மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். அந்தப் பொங்கலுக்குள் பாதிப் பிள்ளைகள் தட்டோடு வந்து வரிசையில் நின்றுவிட்டன. பசிக்கிற வயதில் மூக்கை எவ்வளவு நாள் பொத்திக்கொண்டிருக்க முடியும்?

அரிசி, பருப்பு, எண்ணெய் அரசாங்கத்திலிருந்து வந்துவிடும். விறகுதான் தகராறு. அதைப் பண்ணையார் வீட்டில் கொடுத்தார்கள். தர்மம் என்று நினைத்துவிடாதே. நாங்கள் சோற்றை வடித்துத்தான் சாம்பார் ஊற்றுவோம். வடித்த கஞ்சி அண்டா அண்டாவாக மிஞ்சும். அந்தக் கஞ்சி தினமும் அவர் வீட்டுக் கொட்டில் மாடுகளுக்குப் போகும், அங்கிருந்து விறகு இங்கே வரும். யாரும் உட்கார்ந்து பேசிச் செய்த ஏற்பாடு இல்லை, அப்படியே பழகிப்போயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகள் சோறு தின்ன, அதன் சாற்றில் அவர் மாடுகள் கொழுத்தன. அதைக்கூட அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

நீ ஒன்றாவது படித்த வருஷம், தை பிறந்து சம்பா அறுப்புக்கு நிற்கிற நேரத்தில் கூலித் தகராறு வந்தது. களத்தில் அளக்கிற கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்காவிட்டால் அரிவாள் எடுக்கமாட்டோம் என்று எங்கள் தெருவே உட்கார்ந்துவிட்டது. உன் அப்பாதான் தெருவில் சங்கத்துக்குச் செயலாளர். உனக்கு அவரைத் தளர்ந்துபோன மனுஷராகத்தான் தெரியும். அப்போது பார்த்திருக்கவேண்டும். குரலை உயர்த்தாமல் பேசுவார், ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். இரண்டு வீட்டுக்குள் சண்டை என்றால் சாட்சி தேடமாட்டார்கள், அவரைக் கூப்பிடுவார்கள். பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்று எதிர்க்கட்சிக்காரன்கூட ஒத்துக்கொள்வான். எனக்கு அது எவ்வளவு தொல்லை என்று எனக்குத்தான் தெரியும். விருந்தாளியிடம் "சாப்பிட்டாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார், வீட்டில் ஒன்றுமில்லை என்று போட்டு உடைத்துவிடுவார்.

தகராறு தொடங்கிய அன்றே பண்ணை வீட்டு விறகு நின்றது. அன்று சாயந்திரம் தெரு கூடிப் பேசியது. இனி ஒரு சொட்டுக் கஞ்சி அந்தப் பக்கம் போகக்கூடாது, அது நம் தெரு ஆடுகளுக்கு. ஆளுக்குக் கொஞ்சம் முள், மட்டை என்று அடுப்புக்குக் கொண்டுவந்து போடவேண்டும். வெளியூரிலிருந்து ஆள் இறக்கினால் அவர்களுக்குத் தண்ணீர், நெருப்பு எதுவும் யாரும் கொடுக்கக்கூடாது. கொடுத்தவர்களோடு தெருவில் யாருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இதையெல்லாம் எழுந்து நின்று சொன்னது உன் அப்பாதான். நானும் கை தூக்கினேன். தப்பான கட்டுப்பாடு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அதுவும் இல்லாவிட்டால் எங்களிடம் வேறு என்ன இருந்தது? வேலை இல்லை, கூலி நெல் இல்லை. பெரியவர்கள் வெறும் வயிற்றோடு கிடந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான் போடும் அந்த ஒருவேளைச் சோறுதான் அன்றன்றைக்குச் சாப்பாடு.

பள்ளிக்கூடம் போகாத கைப்பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. நம் எதிர்வீட்டு ராசாம்பாளை உனக்கு நினைவிருக்கிறதா? என்னை அண்ணி என்பாள், அப்பாவை அண்ணன் என்பாள். அப்போது அவளுக்குக் கைக்குழந்தை. பட்டினியில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. அவள் வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது. ஆட்டுக்குக் கஞ்சி ஊற்றினால் பால் இறங்கும், அதில் தண்ணீர் கலந்து காய்ச்சிக் குழந்தைக்கு ஊட்டுவாள். கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகரத் தொட்டியில் நான் கஞ்சியை ஊற்றி வைப்பேன், தெருக்காரர்கள் ஆடுகளை ஓட்டி வந்து குடிக்கவிடுவார்கள். எல்லாருக்கும் முன்னால் ராசாம்பாள் ஆடுதான் வந்து நிற்கும். நம் வீட்டிலும் ஒரு பால் ஆடு இருந்தது. அந்தப் பாலைத்தான் நீ குடித்தாய்.

பண்ணையார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். போலீஸ் காவலோடு அறுப்பு நடந்தது. வந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள், பம்புசெட்டுக் கொட்டகையில் தங்கவைத்திருந்தார்கள். இருட்டோடு வயலில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறுவார்கள். பிள்ளைகள் வாய்க்கால் கரையில் கிடக்கும். ஒருநாள் பந்தி முடிந்து அண்டா கழுவப் பின்பக்கம் போனேன். ஒரு பெண்பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், இடுப்பில் ஒரு தம்பியை வைத்துக்கொண்டு தகரத் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தது. இந்தப் பக்கம் ராசாம்பாள் ஆடு குடிக்கிறது, அந்தப் பக்கம் அந்தப் பெண் கையால் மொண்டு தம்பி வாயில் ஊற்றுகிறது. என்னைப் பார்த்ததும் ஓடவில்லை. "கொஞ்சோண்டுதான் எடுத்தேன்" என்றது.  சத்துணவு அமைப்பாளர் டீச்சர் பாபநாசத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நல்ல மனுஷிதான். அவரிடம் கேட்டேன். "பதிவேட்டுல பேரு இல்லாத புள்ளைக்கு நான் எப்படிப் போடச் சொல்வேன்? உன் தெருக்காரங்களே என்னை விடுவாங்களா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மறுநாளிலிருந்து கஞ்சியைத் தொட்டிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு சட்டியில் தனியாக எடுத்து வைத்தேன். ஆட்டுக் கஞ்சிக்கு எங்கள் தெருவில் யாரும் உப்புப் போடமாட்டார்கள். மனுஷர் சோற்றுக்கே உப்பைப் பார்த்துப் பார்த்துப் போடுகிற தெரு அது. ஆனால் பிள்ளை குடிக்கிற கஞ்சியை எப்படியடி உப்பில்லாமல் கொடுப்பது? கை கேட்கவில்லை. ஒரு கல் உப்பைப் போட்டுக் கலக்கி, அடியில் நாலு பருக்கை கிடக்கும்படி விட்டு, வேலியோரம் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போகும். பிறகு இன்னும் சில பிள்ளைகள் சேர்ந்தன. சட்டி போய்க் குண்டானாயிற்று. தொட்டியில் கஞ்சி குறைந்தது. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆடுதானே, நாலு புல்லை மேயட்டுமே என்று நினைத்துக்கொண்டேன். தரிசெல்லாம் காய்ந்து கிடந்த காலத்தில் எந்தப் புல்லை மேயும்?

ராசாம்பாள் கண்டுபிடித்துவிட்டாள். வேலியோரம் அந்தப் பெண் கையில் குண்டானோடு இருக்கும்போதே, தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிடித்து இழுத்து வந்துவிட்டாள். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. "அண்ணே, வாங்க, வந்து பாருங்க! ஊருக்குக் கட்டுப்பாடு சொல்றவங்க வூட்டு அழக வந்து பாருங்க! என் ஆடு வத்திப்போயிக் கெடக்குது, என் புள்ள நேத்து பூரா கத்திக் கத்தி இப்ப கத்தவும் தெம்பில்லாமக் கெடக்குது. கஞ்சி எங்க போவுதுன்னு பாத்தா இங்கல்ல போவுது!"  உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆட்டுக்கு வச்சதுதான். புள்ளைங்க எடுத்துக் குடிச்சா நான் என்ன பண்றது?" என்றேன். ராசாம்பாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆட்டுக்கு வச்சதுன்னா உப்பு இருக்காதுல்ல? அண்ணே, நீங்களே வாயில ஊத்திப் பாத்துச் சொல்லுங்க. உங்க வாயால சொன்னா நான் ஒத்துக்குறேன்."

 அந்தப் பெண் குண்டானை விடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தது. உன் அப்பா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "குடு தாயி, பாத்துட்டுத் தர்றேன்" என்று கேட்டு வாங்கினார். ஒரு கை அள்ளிக் குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கொஞ்சம் கூடவே உப்புப் போட்டிருந்தேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். உப்பு இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் நாளைக்கு இந்த அடுப்பை மூட்ட யாரும் முள் கொண்டுவரமாட்டார்கள், நம் வீட்டோடு தெருவில் யாரும் பேசமாட்டார்கள், அந்தப் பிள்ளைகள் வேலிப் பக்கமே தலைகாட்ட முடியாது. அவர் எழுந்து வாயைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை, ராசாம்பாளைப் பார்த்தார்.

"உப்பு இல்ல. ஆட்டுக் கஞ்சிதான். போங்க எல்லாரும்."

குண்டானை அந்தப் பெண் கையிலேயே திரும்பக் கொடுத்தார். ராசாம்பாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் நம்பினாளா, அண்ணன் வாயால் சொல்லிவிட்டாரே என்று விட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. சாயந்திரம் வீட்டில் உன் அப்பா ஆட்டை அவிழ்த்தார்.  கொண்டுபோய் ராசாம்பாள் வாசலில் கட்டிவிட்டு, "இத கறந்து புள்ளைக்குக் குடு" என்று சொல்லிவிட்டு வந்தார். நீ வாசலில் புரண்டு அழுதாய். "என் ஆட்ட ஏம்ப்பா குடுத்தே" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டாய். அந்த மாசம் பூராவும் நீ வறட்டு டீ குடித்தாய், கை கால் குச்சியாகிவிட்டது. நான் உனக்கென்று பந்தியில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடவில்லை. போட்டிருந்தால் அதையும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ராசாம்பாள் குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்றைக்குத் திருப்பூரில் வேலை பார்க்கிறான், தீபாவளிக்கு வந்தால் எனக்குப் புடவை எடுத்து வருகிறான்.

அறுப்பு முடிகிறவரை நான் குண்டானை வேலியோரம் வைப்பதை நிறுத்தவில்லை. உன் அப்பா வையென்றும் சொல்லவில்லை, வைக்காதேயென்றும் சொல்லவில்லை. என்னோடு பேசவே இல்லை. வந்தவர்கள் ஒருநாள் லாரி ஏறிப் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. பிறகு தாசில்தார் முன்னால் பேச்சு நடந்து, கேட்டதில் பாதி கூலி ஏறியது. மாலை போட்டு ஊர்வலம் போனார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் உன் அப்பா செயலாளர் பதவியை விட்டுவிட்டார். உடம்புக்கு முடியவில்லை என்றாராம். எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவர் ஆயுசில் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்க்காகத்தான் இரண்டாவதைச் சொன்னார். அதற்குப் பிறகு எவ்வளவோ வருஷம் ஒன்றாக இருந்தோம், உன்னைப் படிக்கவைத்தோம், கட்டிக்கொடுத்தோம். அந்தக் குண்டானைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. கேட்க எனக்கும் துணிச்சல் வரவில்லை. எனக்காகச் சொன்னாரா, அந்தப் பிள்ளைகளுக்காகச் சொன்னாரா, சொல்லிவிட்டு என்னை வெறுத்தாரா என்று அடுப்புக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே கிடந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைச் சுமப்பது பெரிய அலுப்புடி செல்வி.

உனக்கும் இது வரும். உப்பளத்தில் பாத்தி மிதிக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், இப்போது வடக்கேயிருந்தும் வருகிறார்களாம். அவர்கள் பிள்ளைகளுக்கு உன் செல்போனில் இருக்கிற பட்டியலில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் மாவு இல்லை, முட்டை இல்லை என்பார்கள். நீ என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கே தெரியாது. பெயரைப் பதிய முடியுமென்றால் முதலில் அதற்கு அலை, எரிச்சல்படாமல் அலை. முடியாமல்போய் உன் கை தானாக நீண்டால், அது யார் வீட்டு ஆட்டுக்குப் போகவேண்டிய கஞ்சி என்று திரும்பி ஒருதரம் பார்த்துக்கொள். நான் பார்க்கவில்லை. உன் அப்பா பார்த்தார், அதனால்தான் ஆட்டை அவிழ்த்தார். கொடுக்கிறவளுக்குப் புண்ணியம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பட்டினி என்று ஆகிவிடக்கூடாது. வேறு என்ன சொல்ல? வெயிலில் தலைக்குத் துணி போட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். கிட்னி கெட்டுவிட்டது, உப்பைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் திருட்டுத்தனமாக ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள், அதனால் வெறும் கஞ்சி. முதல் ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நேரம் விழுங்கவில்லை. துப்பிவிடுவாரோ என்று துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தேன். விழுங்கினார். அந்தத் தொண்டை மறுபடி ஏறி இறங்கியது. அந்த அறுவடைக்குப் பிறகு ஒருநாளும் சிரித்திராத விதமாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னைக்குத்தாண்டி நெசமா உப்பு இல்ல" என்றார்.